இரும்பு நாரை: பதினான்காம் தொகுதி வரை

ஜூன் 7, சனி

பார்த்தது: 'மலைமேல் மின்நிலையம்', ஒன்பதாம் அத்தியாயம். கதை நகரவில்லை. பின்னணி ஓவியங்கள் மட்டும் நன்றாக இருந்தன.

படித்தது: 'இரும்பு நாரை' முதல் தொகுதி. மூன்றாம் முறை.

விளையாடியது: 'தீவு' என்ற இணைய விளையாட்டு. தினமும் ஒருமுறை உள்ளே போனால் ஒரு முத்திரை விழும். இன்றோடு இடைவிடாமல் 611 நாள்.

அனிமே, மங்கா என்ற ஜப்பானியக் கார்ட்டூன், படக்கதை ரசிகர்களுக்கென்று இணையத்தில் ஒரு சிறிய தமிழ்க் குழு இருந்தது. சனிக்கிழமைதோறும் அந்த வாரம் பார்த்ததை, படித்ததை, விளையாடியதை எழுதுவோம். போன மாதம் குழுவை மூடிவிட்டார்கள். பழக்கம் விடவில்லை. அதனால் நோட்டில் எழுதுகிறேன். இதை யாரும் படிக்கப்போவதில்லை என்பது ஒரு வசதி.

மற்றவை: வாஷிங் மெஷின் பழுது. அண்ணனுக்கு டயாலிசிஸ் தொடங்கி எட்டு மாதம் முடிந்தது. அண்ணி சிறுநீரகம் கொடுக்க முன்வந்தாள், ரத்த வகை சேரவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. என்னுடையது ஓ பாசிட்டிவ்.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் அம்மா ஆப்பமும் தேங்காய்ப்பாலும் செய்தாள். நேற்று அரிசிம்பருப்புச் சாதம். முந்தாநாள் சந்தகை. மூன்றும் எனக்குப் பிடித்தவை. அம்மா என்னிடம் எதையும் கேட்கவில்லை. "இன்னும் ஒண்ணு வெக்கட்டுமா அம்மிணி?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 12, வியாழன்

மெஷின் சரியாகிவிட்டது. வேறு ஒன்றுமில்லை.

ஜூன் 14, சனி

அண்ணன் தனசேகர் என்னைவிட எட்டு வயது மூத்தவன். சிங்காநல்லூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். இப்போது கடையைச் சுகந்தி அண்ணிதான் பார்த்துக்கொள்கிறாள். செவ்வாயும் வியாழனும் அண்ணி அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். சனிக்கிழமை எனக்கு அலுவலகம் அரை நாள் என்பதால் அன்று என் முறை. ஒரு மணிக்கு ஊசி குத்தினால் ஐந்து மணிக்கு எடுப்பார்கள். அதுவரை அவன் கூரையைப் பார்ப்பான், நான் புத்தகத்தைப் பார்ப்பேன். எட்டு மாதமாக இப்படித்தான்.

இன்று டீ குடிக்கப் போய்விட்டு வந்தபோது, அவன் ஊசி இல்லாத கையில் என் புத்தகத்தை வைத்திருந்தான்.

"எல்லாரும் செத்துட்டாங்களே," என்றான்.

மங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அவன் நம் ஊர்ப் புத்தகம்போலத் திறந்து முடிவிலிருந்து தொடங்கியிருந்தான்.

"அது கடைசிப் பக்கம்ணா."

"அப்ப மொதல்ல உசுரோட இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்ப அங்கிருந்து படி. எனக்கு இங்கிலீசு ஓடாது. தமிழ்ல சொல்லு."

படித்துச் சொன்னேன். ஆற்றங்கரை ஊர் ஒன்றைக் காக்கும் இருபதடி உயர இரும்பு இயந்திரத்தின் கதை. அதை ஓட்டுபவள் பதினேழு வயதுப் பெண். சண்டைச் சத்தங்களையும் நானே எழுப்ப வேண்டியிருந்தது. 'டமார்' என்று மூன்று முறை சொன்னேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தார். அண்ணனுக்கு இயந்திரத்தின் முழங்கால் பிடிக்கவில்லை. "இத்தனை எடைக்கு ஒரு பேரிங்காவது வேணுமில்ல? வரைஞ்சவன் லேத் பக்கமே போனதில்லையாட்ட இருக்குது."

பக்கத்துப் படுக்கையில் ராவுத்தர் ஐயா. உக்கடத்தில் பழைய இரும்பு வியாபாரம் செய்தவர். கண்ணை மூடிக்கொண்டிருந்தார், தூங்குகிறார் என்று நினைத்தேன். ஐந்து மணிக்கு நான் புத்தகத்தை மூடியபோது, "அந்தப் பொண்ணு வண்டிய விட்டு எறங்குனாளா இல்லையாம்மா?" என்று கேட்டார்.

ஜூன் 21, சனி

பார்த்தது: இல்லை.

படித்தது: இரண்டாம் தொகுதி. அண்ணனுக்கும் ராவுத்தர் ஐயாவுக்கும்.

அண்ணனை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். அண்ணி செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க அண்ணி."

"எதுக்கு?"

"சேருமான்னு பாக்கத்தான்."

அண்ணியின் கை நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் சுற்றினாள்.

"அத்தை ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லீங்க."

அதன்பிறகு எத்தனை சுற்று ஆயிற்று என்பது அண்ணிக்கு மறந்துவிட்டது. கம்பி முழுவதையும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். கிளம்பும்போது வெள்ளரிக்காய் கொடுத்தாள்.

ஜூலை 6, ஞாயிறு

விளையாடியது: தீவு, பிரசன்னாவோடு. ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டுகிறோம். பாதியில் நிற்கிறது, மரக்கட்டை போதவில்லை.

பிரசன்னா எனக்குப் பேசி முடித்திருக்கும் மாப்பிள்ளை. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று எல்லோரும் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும் 'இரும்பு நாரை' அடுக்கிய என் அலமாரி முன்னால் நின்று, "பதினாறாவது உங்களுக்கு எங்கீங்க கெடைச்சுது? நான் ரெண்டு வருசமாத் தேடறேன்," என்றார். ஆவணியில் நிச்சயம். ஞாயிறு மாலைகளில் ஹெட்போனில் பேசிக்கொண்டே விளையாடுவோம்.

டெஸ்ட் எடுப்பதை இன்னும் சொல்லவில்லை. பாலம் முடிந்ததும் சொல்லலாம்.

ஜூலை 9, புதன்

திசுப் பொருத்தம் பார்த்தார்கள். பாதி பொருந்துகிறது. கூடப் பிறந்தவர்களுக்கு இது போதும் என்றார் டாக்டர். கல்யாணத்தில் பத்துக்கு ஐந்து என்றால் ஜோசியர் இழுப்பார். இங்கே இழுக்கவில்லை. அடுத்து இதயம், நுரையீரல், மனநலம், ஸ்கேன்.

மனநல டாக்டர் என்ன பொழுதுபோக்கு என்று கேட்டார். சொன்னேன். "இந்த வயசுலயுமா?" என்றார். அதையும் எழுதிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

ஜூலை 12, சனி

படித்தது: நான்காம் தொகுதி, பாதிவரை. பெண்ணை எதிரிகள் பிடித்துவிட்ட இடத்தில் நிறுத்தினேன்.

ராவுத்தர் ஐயாவின் படுக்கையில் வேறொருவர் இருந்தார். நான் யாரையும் கேட்கவில்லை. அண்ணனும் கேட்கவில்லை.

ஜூலை 19, சனி

படித்தது: நான்காம் தொகுதியின் மீதி. மெதுவாக.

படுக்கையில் அதே வேறொருவர்.

ஜூலை 24, வியாழன்

ரத்தக் குழாய் ஸ்கேன். மருந்து ஏற்றியதும் தொண்டையிலிருந்து அடிவயிறுவரை சூடு பரவியது. இரண்டு சிறுநீரகமும் நன்றாக இருக்கின்றனவாம். எடுப்பதென்றால் இடதுபக்கத்தையே எடுப்பார்கள், அதற்குத்தான் குழாய் நீளம். திரையில் காட்டினார்கள். ஏதோ ஒரு விளையாட்டின் வரைபடம்போல இருந்தது.

ஜூலை 25, வெள்ளி

தீவைத் திறந்தேன். 'தொடர்ச்சி: 1 நாள்' என்று காட்டியது. நேற்று உள்ளே போக மறந்திருக்கிறேன். 657-இல் நின்றுபோயிற்று. ஸ்கேனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அலுவலகத்திலும் வேலை அதிகம்.

ஜூலை 26, சனி

ராவுத்தர் ஐயா காலை முறைக்கு மாறிவிட்டாராம். டெக்னீசியன் தானாகச் சொன்னார். "உங்களக் கேட்டாருங்க. அந்தப் பொண்ணு தப்பிச்சுதா இல்லையான்னு கேட்டு வெக்கச் சொன்னாரு."

ஒரு தாளில், 'தப்பித்துவிட்டாள். இடது கையில் அடி. வண்டி பத்திரம்,' என்று எழுதிக் கொடுத்தேன்.

ஐந்தாம் தொகுதி முழுவதையும் ஒரே மூச்சில் படித்தேன். நடுவில் அண்ணன், "இன்னைக்கு என்ன இத்தனை சத்தம்?" என்றான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தீவில் பாலம் முடிந்தது. பிரசன்னா அந்தக் கரையிலும் நான் இந்தக் கரையிலும் நின்று கொஞ்ச நேரம் பார்த்தோம். பிறகு சிறுநீரகம் கொடுக்கப்போவதைச் சொன்னேன்.

"எப்ப?" என்றார்.

"செப்டம்பர்ல இருக்கும்."

"எங்கிட்டக் கேக்கவே இல்லீங்களே மௌனிகா."

"இப்பச் சொல்றனே."

"சொல்றதும் கேக்கறதும் ஒண்ணுங்களா?"

திரையில் அவருடைய ஆள் பாலத்தின் நடுவரை நடந்து வந்து நின்றது. "எனக்கு ஒண்ணுமில்லீங்க. அம்மாகிட்ட எப்புடிச் சொல்றதுன்னுதான் யோசிக்கறேன்," என்றார். சாப்பிடக் கூப்பிடுகிறார்கள் என்று போய்விட்டார். மணி ஐந்தரைதான் ஆகியிருந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பிரசன்னாவின் அம்மா பேசினார். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"ஒத்தக் கிட்னியோட புள்ளப்பேறெல்லாம் எப்புடிங்க தாங்கும்? நாளைக்கு ஒண்ணுன்னா நாங்கதான பதில் சொல்லோணும்? நாங்க கெட்டவங்க இல்லீங்க."

ஒரு வருடம் பொறுத்துக்கொண்டால் பிள்ளை பெறுவதில் பெரிய சிக்கல் இல்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கும் அது தெரியும். ஆனாலும் "சரிங்க" என்று மட்டும் பதினோரு முறை சொன்னாள். பிறகு கொள்ளுப்பருப்புக்குத் தாளித்தாள். கருகிவிட்டது. சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பிரசன்னா செய்தி அனுப்பியிருந்தார். நான்கு பத்தி. எழுத்துப்பிழை இல்லை. அவரைக் குறைசொல்ல முடியாது.

தீவில் நண்பர் பட்டியலில் ஐம்பது பேருக்குத்தான் இடம். ஆகவே ஒருவரை நீக்கினேன். இப்போது எட்டுப் பேர் இருக்கிறார்கள்.

பார்த்தது: 'மலைமேல் மின்நிலையம்' கடைசி அத்தியாயம். முடிவு நினைவில் இல்லை.

ஆகஸ்ட் 16, சனி

ஏழாம் தொகுதியை எடுத்ததும் அண்ணன், "இன்னைக்கு வேண்டாம்," என்றான். நான்கு மணிநேரமும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். ஊசி இருக்கும் கையோடு அப்படிப் படுப்பது சிரமம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அலுவலகத்தில் இருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன். மாற்று அறுவைக்கான ஏற்பாடுகளைக் கவனிக்கும் அம்மாள். "உங்கண்ணன் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாருங்க. காரணம் எதுவும் சொல்லல. நீங்க ஒருக்காப் பேசிப் பாருங்க." நாளைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அண்ணியைக் கடைக்கு அனுப்பிவிட்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் என்னைப் பார்க்காமலே பேசினான்.

"அம்மா சொன்னாங்க. அந்தச் சம்பந்தம் நின்னுபோச்சாமா."

"அது வேற."

"என்ன வேற? என்னாலதான?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பிறகு அவன் சொன்னான். அதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"நீ பிளஸ் டூ முடிச்சப்ப மெட்ராசு காலேஜுல இருந்து லெட்டர் வந்துச்சு. படம் வரையற படிப்பு. அப்பா போயி இருவது நாளுதான் ஆகியிருந்துச்சு. தபால்காரன் கடையிலதான் குடுத்தான். நான் பெட்டிக்குள்ள வெச்சுக்கிட்டேன். சேர்ற தேதி முடிஞ்சதுக்கப்பறம் கொண்டாந்து குடுத்தேன்."

தபால் தாமதமாக வந்தது என்றுதான் நான் பத்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லூரிக்குப் போன் செய்து தபால் துறையைத் திட்டிக்கூட இருக்கிறேன். அப்போது அண்ணன் பக்கத்தில்தான் நின்றான்.

"உன்னத் தனியா அத்தனை தூரம் அனுப்பப் பயமா இருந்துச்சு மௌனி. அம்மாவும் அப்ப நெலையா இல்ல. அதயெல்லாம் உங்கிட்டச் சொல்லியிருக்கலாம், சொல்லல. ஒருக்கா உன்ற வழிய மறிச்சவன் நான். இப்ப இன்னொருக்கா மறிச்சாச்சு. இதுக்கு மேல உங்கிட்ட எதையும் வாங்கிக்க மாட்டேன்."

நான் எழுந்து கேண்டீனுக்குப் போனேன். டீ வாங்கினேன். அதன்மேல் ஆடை படியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படிப்புக்காக நான் வரைந்து அனுப்பிய ஐந்து படங்கள் என்னென்ன என்று யோசித்தேன். நான்குதான் நினைவுக்கு வந்தன. பேருந்து நிறுத்தம்வரை நடந்தேன். சிங்காநல்லூர் வண்டிகள் இரண்டு வந்தன. இரண்டிலும் உட்கார இடம் இருந்தது. ஏறவில்லை.

திரும்பி வந்தபோது மூன்றரை மணி. அவன் அங்கேயே இருந்தான். எங்கும் போக முடியாது, கையில் இரண்டு ஊசி.

"அன்னைக்கு என்னக் கேக்காம நீயே முடிவு பண்ணுன," என்றேன்.

"ஆமா."

"இப்பவும் என்னக் கேக்காமத்தான் எழுதிக் குடுத்திருக்கே."

அவன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ரெண்டும் ஒண்ணுதாண்ணா. நான் உன்ன மன்னிச்சுட்டேன்னு சொல்ல வரல. அது பெரிய வேலை, அதப் பொறுமையாப் பாத்துக்கலாம். ஆனா இது என்ற உடம்பு. இத நாந்தான் முடிவு பண்ணோணும்."

"வலிக்கும் மௌனி."

"தெரியும்."

"அப்பறம் ஒருநாளைக்கு, ஏன்டா குடுத்தோம்னு நெனப்பே."

"நெனச்சா வந்து சொல்றேன். கேக்கறதுக்கு நீ இருக்கோணுமில்ல?"

அவன் முகத்தை வலக்கையால் துடைத்துக்கொண்டான். ரத்த அழுத்தம் ஏறியதென்று மெஷின் கத்தியது. நர்ஸ் வந்து என்னை முறைத்துவிட்டு ஏதோ பொத்தானை அழுத்தினார். அவர் போனபிறகு அண்ணன் கேட்டான்.

"ஏழாவது புக்கு கொண்டாந்திருக்கியா?"

"செவ்வாக்கெழமைன்னு எடுத்துட்டு வரல."

"சரி, கதையாச்சும் சொல்லு."

நினைவிலிருந்து சொன்னேன். சில இடங்களில் எட்டாம் தொகுதியும் கலந்துவிட்டது. ஐந்து மணிக்கு, நேற்றுப் போன் செய்த அம்மாளிடம் போய், எழுதிக் கொடுத்த தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டான். என் முன்னால் கிழிக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 20, புதன்

அம்மாவிடம் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். அவளுக்கும் தெரிந்திருந்தது. எனக்குத் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். தலைவலி உண்மையாகவே இருந்தது.

செப்டம்பர் 4, வியாழன்

உறுப்பு தானத்துக்கான அனுமதிக் குழு. மூன்று பேர், ஒரு கேமரா. உறவுக்குச் சான்றாக எங்கள் சிறுவயதுப் படங்களைக் காட்டினோம். ஒரு படத்தில் அண்ணன் என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

என்னைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டார்கள். பெண் டாக்டர் ஒருவர்தான் அதிகம் பேசினார்.

"யாராவது கட்டாயப்படுத்துனாங்களாம்மா?"

"இல்லீங்க."

"அண்ணன் மேல ரொம்பப் பாசமா?"

"பாதி நாள் பேசிக்கறதே இல்லீங்க."

"அப்புறம் ஏன் குடுக்கறீங்க?"

இதற்கு ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தேன். பொருத்தம், வயது, மற்றவர்களால் முடியாதது எல்லாம் அதில் வரிசையாக வரும். வாயைத் திறந்தபோது வரவில்லை.

"தெரியலீங்க. ஆனா முடிவு என்னோடதுங்க."

அதை அப்படியே எழுதிக்கொண்டார். வெளியே அம்மா உட்கார்ந்திருந்தாள். "என்ன கேட்டாங்க அம்மிணி?" என்றாள். பெயர் கேட்டார்கள் என்றேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த லெட்டர அன்னைக்கே உங்கிட்டக் குடுக்கச் சொல்லியிருக்கோணும் நானு," என்றாள். நான் கையை எடுக்கவில்லை.

செப்டம்பர் 20, சனி

அனுமதி கிடைத்துவிட்டது, வரும் புதன்கிழமை அறுவை.

படித்தது: பதினான்காம் தொகுதி. ஆறு கரை புரண்டு வருகிறது, இயந்திரம் நடு ஆற்றில் நிற்கிறது, முற்றும் என்று போடாமல் முடிகிறது.

"இன்னும் எத்தன புக்கு?" என்றான் அண்ணன்.

"ஒம்பது."

"இனி சனிக்கெழம இங்க வர வேண்டியதில்லையே."

அதை நாங்கள் இருவரும் யோசித்திருக்கவில்லை. ஊசி எடுத்த இடத்தை அவன் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"வீட்டுலயே படிக்கலாம். ஆனா வீட்டுல நீ இந்தச் சத்தமெல்லாம் போட மாட்டே," என்றான்.

செப்டம்பர் 23, செவ்வாய்

அட்மிட் ஆனேன். நாளைக் காலை ஏழரைக்கு அறுவை. நிறையக் கையெழுத்துப் போட்டேன்.

பார்த்தது: சுவர்.

படித்தது: ஒப்புதல் படிவம். ஏழு பக்கம், இடமிருந்து வலமாக.

அண்ணி சாயங்காலம் வந்து எனக்குத் தலை பின்னிவிட்டாள். இரண்டு சடை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல இருக்கிறது. இறுக்கமாகவே பின்னியிருக்கிறாள்.

செப்டம்பர் 25, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது. முடிந்தது. அவனுக்கும்.

செப்டம்பர் 27, சனி

இன்று என்னை நடக்கவிட்டார்கள். அண்ணன் இருக்கும் அறை அதே மாடியில் கடைசி. நாற்பது அடி இருக்கும். நர்ஸ் ஒரு பக்கமும் அம்மா ஒரு பக்கமும் பிடித்துக்கொள்ள, இரண்டு இடத்தில் நின்று நின்று போய்ச் சேர்ந்தேன்.

உள்ளே விடமாட்டார்கள். கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். அண்ணி முகக்கவசத்தோடு ஏற்கெனவே அங்கே நின்றிருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது அண்ணனை அல்ல, கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையை. அதில் முக்கால் பை சிறுநீர். எலுமிச்சைச் சாற்றின் நிறம். போன வருடத்திலிருந்து அவனுக்கு அது வருவதே அபூர்வமாம். இது எனக்கு இன்றுதான் தெரியும்.

"நேத்து மட்டும் நாலரை லிட்டருங்க," என்றார் நர்ஸ். "ஆபரேசன் டேபிள்லயே வர ஆரம்பிச்சிருச்சு."

அம்மா அந்தப் பையைப் பார்த்துக் கைகூப்பிக் கும்பிட்டாள். அண்ணி கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது. வலி மாத்திரை அப்படிச் செய்யும் என்று சொல்லியிருந்தார்கள்.

அண்ணன் எங்களைப் பார்த்துவிட்டான். தலைமாட்டில் இருந்த போனை எடுத்தான். அண்ணி தன் போனை என் காதில் வைத்தாள்.

"வலிக்குதா?"

"இருமுனா மட்டும்."

"எனக்கும்."

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவன் போர்வையை லேசாக விலக்கி, கட்டுப் போட்ட வலது அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினான்.

"நெம்பப் பிடிவாதம் மௌனி இது. வந்த எடத்துல ஒரு நிமிசம் சும்மா இருக்க மாட்டேங்குது."

நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். இருமினால் வலிக்கும் என்று சொன்ன டாக்டர் சிரிப்பைப் பற்றிச் சொல்லவில்லை. நான் இடது விலாவையும் அவன் வலது அடிவயிற்றையும் பிடித்துக்கொண்டோம். நிறுத்த முடியவில்லை. இரண்டு பேரையும் அதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நர்ஸ் நின்றுகொண்டிருந்தார்.